துகளின் அளவும் நச்சின் செறிவும்: காற்றில் மிதக்கும் துகள்களை அளவுவாரியாகப் பிரித்து ஆராயும் முறை

ஆய்வுச் சுருக்கம்

காற்றில் மிதக்கும் துகள்களால் ஏற்படும் மாசு, ஒரு கன மீட்டர் காற்றில் உள்ள துகள்களின் மொத்த எடையாகவே பெரும்பாலும் குறிக்கப்படுகிறது. ஆனால் ஆர்சனிக், காட்மியம், ஈயம், பென்சோபைரீன் முதலிய நச்சுப்பொருள்கள் எல்லா அளவுத் துகள்களிலும் சமமாகப் பரவியிருப்பதில்லை. எரிதலின் வழி வெளிப்படும் நச்சுகள், எடையில் சிறு பங்காக அமையும் நுண்துகள்களிலேயே மிகுதியாகச் செறிகின்றன. எனவே மொத்த எடை குறைவதும் நச்சு குறைவதும் ஒன்றல்ல. துகள்களை அளவுவாரியாகப் பிரிக்கும் அடுக்கு மோதல் பிரிப்பானின் இயற்பியல் அடிப்படை, அதன் வளர்ச்சி, அதில் நேரும் பிழைகள், அதன்வழிக் கிடைத்த முடிவுகள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. நிலக்கரிச் சாம்பல் முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. இந்தியாவில் நடைமுறையிலுள்ள தரவரையறைகளை இம்முடிவுகளோடு பொருத்திப் பார்ப்பது இதன் இறுதிப் பகுதியாகும்.

திறவுச்சொற்கள்: நுண்துகள், காற்றியக்க விட்டம், அடுக்கு மோதல் பிரிப்பான், வெட்டு விட்டம், பறக்கும் சாம்பல், நச்சுத் தனிமங்கள், பல்வளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்கள்

முன்னுரை

நகரக் காற்றைப் பற்றிய அறிவிப்புகளில் ‘பி.எம். 10’, ‘பி.எம். 2.5’ என்னும் குறியீடுகள் இன்று பரவலாக இடம்பெறுகின்றன. இவை முறையே 10 மைக்ரோமீட்டருக்கும் 2.5 மைக்ரோமீட்டருக்கும் உட்பட்ட விட்டமுடைய துகள்களின் எடையைக் குறிப்பவை. இக்குறியீடுகள் வருவதற்கு முன்பு, காற்றில் மிதக்கும் துகள்கள் அனைத்தும் ஒரே வடிதாளில் பிடிக்கப்பட்டு ஒன்றாக எடையிடப்பட்டன. அமெரிக்காவில் 1971-இல் மொத்த மிதக்கும் துகள்களுக்கும், 1987-இல் பி.எம். 10-க்கும், 1997-இல் பி.எம். 2.5-க்கும் தரவரையறைகள் வகுக்கப்பட்டன. இந்தியாவில் 2009-ஆம் ஆண்டு நவம்பர் 18 அன்று வெளியான அறிவிக்கை பி.எம். 10, பி.எம். 2.5 ஆகிய இரண்டுக்கும் வரம்பு விதித்தது. மேல்வரம்பு படிப்படியாகக் கீழிறங்கி வந்துள்ள இவ்வரலாறு, துகளின் அளவு ஒரு பொருட்டே என்பதை ஒப்புக்கொண்ட வரலாறாகும்.

எனினும் இக்குறியீடுகளும் ஓர் எல்லைக்கு உட்பட்ட அனைத்தையும் ஒன்றாகக் கூட்டியே எடையிடுகின்றன. 2.4 மைக்ரோமீட்டர் துகளும் 0.2 மைக்ரோமீட்டர் துகளும் பி.எம். 2.5 என்னும் ஒரே தொகையில் அடங்கிவிடுகின்றன. அவை தோன்றிய இடம் வேறு, நுரையீரலில் சென்று சேரும் இடம் வேறு, சுமந்து செல்லும் நச்சும் வேறு. இவ்வேறுபாட்டை அறியத் துகள்களைப் பல அளவுப் பிரிவுகளாகப் பகுத்து, ஒவ்வொரு பிரிவையும் தனியே வேதிப்பகுப்பாய்வுக்கு உட்படுத்த வேண்டும்.

1. எடை அளவீட்டின் வரம்பு

ஒரு கோளத்தின் எடை அதன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். அதன் மேற்பரப்பு விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். 10 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒரு துகளின் எடைக்கு ஈடாக, அதே அடர்த்தியுள்ள 0.1 மைக்ரோமீட்டர் துகள்கள் 10 இலட்சம் தேவை. எடை சமமாக இருப்பினும், அந்த 10 இலட்சம் துகள்களின் மொத்த மேற்பரப்பு, ஒற்றைப் பெருந்துகளின் மேற்பரப்பைப் போல 100 மடங்காகும்.

இது வெறும் வடிவியல் கணக்கன்று. எரிதலின்போது ஆவியாகும் நச்சுப்பொருள்கள் குளிரும்போது துகள்களின் மேற்பரப்பின்மீதே படிகின்றன. ஆகவே எடைக்கு ஒப்பாக எங்கு மேற்பரப்பு மிகுதியோ அங்கு நச்சும் மிகுதியாகச் சேரும். எடைத் தராசு பெருந்துகளையே முதன்மையாகக் காட்டுகிறது. நச்சோ சிறுதுகளை நாடுகிறது. துகளியலில் அளவுவாரிப் பிரிப்பு இன்றியமையாததாக இருப்பதற்கு இம்முரண்பாடே முதற்காரணம் எனலாம்.

2. காற்றியக்க விட்டம்

காற்றில் மிதக்கும் துகள்கள் பெரும்பாலும் கோளங்கள் அல்ல. மண்துகள் கோணலானது, புகைக்கரி நுண்ணிய மணிகள் சங்கிலியாகக் கோத்தது போன்றது, உப்புத் துகள் ஈரத்தை உறிஞ்சிப் பருப்பது. இவற்றை ஒரே அளவுகோலால் அளக்கக் ‘காற்றியக்க விட்டம்’ என்னும் கருத்து பயன்படுகிறது. ஒரு துகள் அசைவற்ற காற்றில் எவ்வளவு விரைவாகக் கீழிறங்குகிறதோ, அதே விரைவில் இறங்கும் ஒரு நீர்த்துளியின் விட்டமே அத்துகளின் காற்றியக்க விட்டமாகும்.

கோளவடிவத் துகளுக்கு இது ஏறத்தாழ அதன் உண்மை விட்டத்தை, அடர்த்தியின் வர்க்கமூலத்தால் பெருக்கிக் கிடைக்கும் மதிப்பாகும். அடர்த்தி 2.65 உடைய 1 மைக்ரோமீட்டர் குவார்ட்சுத் துகள், காற்றில் 1.6 மைக்ரோமீட்டர் நீர்த்துளியைப் போல நடந்துகொள்ளும். அடர்த்தி 9.5 உடைய ஈய ஆக்சைடுத் துகளாயின் அதே 1 மைக்ரோமீட்டர் விட்டத்துக்கு 3.1 மைக்ரோமீட்டர் துளியாக நடந்துகொள்ளும். மூக்கும் நுரையீரலும் அளவிடும் கருவியும் துகளை அதன் இயக்கத்தைக் கொண்டே பிரிக்கின்றன. ஆதலின் நுண்ணோக்கியில் தெரியும் விட்டத்தைவிடக் காற்றியக்க விட்டமே ஆய்வுக்குப் பொருத்தமானது.

இறங்கும் விரைவின் வேறுபாடு பெரிது. அசைவற்ற காற்றில் 2 மீட்டர் உயரத்திலிருந்து இறங்க 10 மைக்ரோமீட்டர் துளிக்குச் சுமார் 11 நிமிடங்களும், 1 மைக்ரோமீட்டர் துளிக்குச் சுமார் 16 மணி நேரமும், 0.1 மைக்ரோமீட்டர் துளிக்குச் சுமார் 26 நாள்களும் ஆகும் எனக் கணக்கிடலாம். உண்மையான காற்று ஓயாது அசைவதால் மிகச் சிறிய துகள்கள் தம் எடையால் தரையை அடைவதில்லை என்றே கொள்ளலாம்.

3. துகள்களின் மூவகைத் தோற்றம்

அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்னத் விட்பியும் அவருடன் பணியாற்றியோரும் 1970-களில் செய்த அளவீடுகள், நகரக் காற்றிலுள்ள துகள்கள் மூன்று தொகுதிகளாக அமைவதை நிறுவின.

முதல் தொகுதி 0.1 மைக்ரோமீட்டருக்கும் குறைவானது. எரிதலில் எழும் ஆவிகள் குளிர்ந்து உறைவதால் இவை பிறக்கின்றன. எண்ணிக்கையில் மிகுதி, எடையில் மிகக் குறைவு. ஒன்றோடொன்று மோதி ஒட்டிக்கொள்வதால் சில மணி நேரத்தில் பெரிய துகள்களாகிவிடுகின்றன.

இரண்டாம் தொகுதி 0.1 முதல் ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர் வரையிலானது. முதல் தொகுதித் துகள்கள் ஒட்டிச் சேர்வதாலும், வளிமண்டலத்தில் உருவாகும் சல்பேட்டு, நைட்ரேட்டு, கரிமப் பொருள்கள் படிவதாலும் இது உருவாகிறது. கீழே இறங்குவதற்கு எடை போதாது. விரவிப் பரவி ஒட்டிக்கொள்வதற்கு விரைவு போதாது. எனவே மழை கழுவும்வரை பல நாள்கள் காற்றிலேயே தங்கி நெடுந்தொலைவு பயணம் செய்கின்றன.

மூன்றாம் தொகுதி 2 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்டது. மண், சாலைப் புழுதி, கடலுப்பு, மகரந்தம் முதலியன இதில் அடங்கும். உடைதல், தேய்தல், தெறித்தல் ஆகிய இயந்திரச் செயல்களால் இவை தோன்றுகின்றன.

இத்தொகுதிகளுக்கிடையே தோற்றக் காரணம் வேறுபடுவதால், ஒரு நச்சு எந்தத் தொகுதியில் காணப்படுகிறது என்பது அது எங்கிருந்து வந்தது என்பதற்கும் சான்றாகிறது. உலைப்புகையிலிருந்து வரும் ஈயம் பெரும்பாலும் முதல் இரு தொகுதிகளில் இருக்கும். முன்பே மண்ணில் படிந்து மீண்டும் புழுதியாகக் கிளம்பும் ஈயம் மூன்றாம் தொகுதியில் இருக்கும். மொத்த ஈயத்தின் அளவு ஒன்றாகவே இருப்பினும், முன்னதற்கு உலையைக் கட்டுப்படுத்த வேண்டும். பின்னதற்கு மண்ணைச் சீர்செய்ய வேண்டும்.

4. மூச்சுப்பாதையில் துகள்கள்

மூச்சுப்பாதையும் ஒருவகையில் அளவுவாரிப் பிரிப்பானே. மூக்கின் வழியே மூச்சுவிடும்போது 10 மைக்ரோமீட்டர் துகள்களில் பெரும்பங்கு மூக்கிலும் தொண்டையிலுமே மோதிப் படிந்துவிடுகிறது. சில மைக்ரோமீட்டர் அளவுள்ளவை மூச்சுக்குழாய்களின் கிளைகளில் படிகின்றன. அங்கு படிந்தவற்றில் பெரும்பகுதியைச் சளியும் குற்றிழைகளும் ஏறத்தாழ ஒரு நாளில் மேலேற்றி வெளியேற்றுகின்றன.

0.3 மைக்ரோமீட்டர் அளவை ஒட்டிய துகள்கள் மிகக் குறைவாகவே படிகின்றன. உள்ளே சென்றவற்றில் பெரும்பங்கு வெளிமூச்சோடு திரும்பிவிடும். அதற்கும் சிறிய துகள்களில் படிதல் மீண்டும் கூடுகிறது. பன்னாட்டுக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 1994-இல் வெளியிட்ட மூச்சுப்பாதை மாதிரியின்படி, 0.02 மைக்ரோமீட்டரை ஒட்டிய துகள்களில் ஏறத்தாழப் பாதி நுண்ணறைகளில் படிகிறது. நுண்ணறைகளில் குற்றிழைகள் இல்லை. அங்கு படிந்து கரையாத துகள் வெளியேற வாரங்களோ மாதங்களோ ஆகலாம். கரைவது நேரே குருதியில் கலக்கும்.

பணியிடக் காற்றுக்கான ஐ.எஸ்.ஓ. 7708 என்னும் 1995-ஆம் ஆண்டுத் தரநூல் இவ்வடிப்படையிலேயே துகள்களைப் பகுக்கிறது. மார்புப் பகுதியை எட்டும் பின்னத்துக்கு 10 மைக்ரோமீட்டரும், நுண்ணறைகளை எட்டும் பின்னத்துக்கு 4 மைக்ரோமீட்டரும் 50 விழுக்காட்டு எல்லைகளாக அதில் கொள்ளப்படுகின்றன.

5. அடுக்கு மோதல் பிரிப்பான்

5.1 செயற்படு முறை

‘காஸ்கேட் இம்பாக்டர்’ எனப்படும் அடுக்கு மோதல் பிரிப்பானின் கோட்பாடு எளிது. துளையொன்றின் வழியே விரைந்து வரும் காற்று, எதிரே உள்ள தட்டை அணுகியதும் செங்கோணத்தில் திரும்புகிறது. நிலைமம் மிகுந்த துகளால் காற்றோடு திரும்ப இயலாது. அது நேரே சென்று தட்டில் மோதி ஒட்டிக்கொள்கிறது. நிலைமம் குறைந்த துகள் காற்றோடு வளைந்து அடுத்த அடுக்குக்குச் செல்கிறது. ஒவ்வோர் அடுக்கிலும் காற்று துளையிலிருந்து வெளிப்படும் விரைவு முந்தையதைவிடக் கூடுதலாக இருக்கும். எனவே மேலடுக்கில் தப்பிய துகள்களுள் பெரியவை அடுத்த அடுக்கில் சிக்குகின்றன. எல்லாவற்றிலும் தப்பியவை இறுதியிலுள்ள வடிதாளில் சேர்கின்றன.

ஓர் அடுக்கில் சரிபாதித் துகள்கள் பிடிபடும் அளவு அவ்வடுக்கின் ‘வெட்டு விட்டம்’ எனப்படும். துகள் தன் விரைவை இழந்து நிற்பதற்குள் கடக்கும் தொலைவுக்கும் துளையின் ஆரத்துக்கும் உள்ள விகிதம் ‘ஸ்டோக்ஸ் எண்’ ஆகும். வட்டத்துளைகளில் இவ்வெண் சுமார் 0.24 ஆக அமையும் துகளளவே வெட்டு விட்டமாகும். 1 மைக்ரோமீட்டருக்குக் கீழே, காற்று மூலக்கூறுகளுக்கு இடையே துகள் ஓரளவு வழுக்கிச் செல்வதால் தடை குறைகிறது. இதற்கு 1910-இல் கன்னிங்காம் வகுத்த திருத்தக் கெழு பயன்படுத்தப்படுகிறது. அதன் மதிப்பு 1 மைக்ரோமீட்டர் துகளுக்குச் சுமார் 1.2, 0.1 மைக்ரோமீட்டர் துகளுக்குச் சுமார் 2.9.

பரவலாகப் பயன்படும் ஆண்டர்சன் எட்டடுக்குக் கருவி நிமிடத்துக்கு 28.3 லிட்டர் காற்றை இழுக்கிறது. அதன் வெட்டு விட்டங்கள் 9.0, 5.8, 4.7, 3.3, 2.1, 1.1, 0.7, 0.4 மைக்ரோமீட்டர் ஆகும். முதல் அடுக்கில் 2.55 மில்லிமீட்டர் விட்டமுள்ள 96 துளைகள் உள்ளன. அவற்றில் காற்றின் விரைவு நொடிக்குச் சுமார் 1 மீட்டர். ஆறாம் அடுக்கில் 0.34 மில்லிமீட்டர் விட்டமுள்ள 400 துளைகளில் அது சுமார் 13 மீட்டராகிறது. காற்றின் மொத்த ஓட்டம் மாறாமலிருக்க, துளைகளின் விட்டமும் எண்ணிக்கையும் மட்டுமே இப்பிரிப்பைச் செய்கின்றன.

5.2 கருவியின் வளர்ச்சி

இங்கிலாந்தின் போர்ட்டன் ஆய்வுநிலையத்தில் பணியாற்றிய கே. ஆர். மே 1945-இல் இக்கருவியைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். ஏ. ஏ. ஆண்டர்சன் 1958-இல் ஆறு அடுக்குகளும் ஒவ்வொன்றிலும் 400 துளைகளும் கொண்ட கருவியை அமைத்தார். காற்றில் உலவும் நுண்ணுயிர்களை வளர்ப்புத் தட்டுகளில் அளவுவாரியாகப் பிடிப்பது அதன் நோக்கமாக இருந்தது. நுண்ணுயிர் ஆய்வுக்குப் பிறந்த இவ்வடிவமே பின்னர் வேதிமாசு ஆய்வுக்கும் அடிப்படையாயிற்று.

வர்ஜில் மார்ப்பிள் 1970-இல் மின்னசோட்டாவில் செய்த ஆய்வு, துளையின் வழியே செல்லும் காற்றோட்டத்தைக் கணினியால் தீர்த்து, பிரிப்பின் கூர்மையை முன்கூட்டியே கணிக்க வழிசெய்தது. அவரும் உடன் பணியாற்றியோரும் 1991-இல் அறிமுகப்படுத்திய ‘மௌடி’ என்னும் கருவி, மிக நுண்ணிய துளைகள் பலவற்றைக் கொண்டு 0.056 மைக்ரோமீட்டர் வரை பிரிக்கிறது. அதற்கும் சிறிய துகள்களைப் பிரிக்க நிலைமம் போதாமையால், துகளுக்கு மின்னூட்டம் ஏற்றி மின்புலத்தில் அதன் நகர்ச்சியைக் கொண்டு பிரிக்கும் முறை கையாளப்படுகிறது. ஆனால் அம்முறையில் சேரும் பொருள் மிகச் சிறிதாதலின் நச்சுத் தனிமங்களின் பகுப்பாய்வுக்கு மோதல் பிரிப்பானே பெரிதும் பயன்படுகிறது.

5.3 பிழைகளும் அவற்றின் திசையும்

இக்கருவியில் நேரும் பிழைகள் நச்சின் கணக்கை எத்திசையில் மாற்றுகின்றன என்பதை அறிதல் இன்றியமையாதது.

முதலாவது, துகள் தெறித்தல். உலர்ந்த மண்துகள் தட்டில் மோதி ஒட்டாமல் தெறித்துக் கீழடுக்குகளுக்குச் செல்லலாம். அப்போது நுண்துகள் பிரிவின் எடை பொய்யாகக் கூடுகிறது. அப்பிரிவில் ஒரு கிராமுக்கு உரிய நச்சின் அளவு பொய்யாகக் குறைகிறது. தட்டில் கிரீஸ் பூசுவது இதைத் தடுக்கும். ஆனால் கரிம நச்சுகளை ஆராயும்போது அப்பூச்சே பகுப்பாய்வைக் குழப்பக்கூடும். எனவே எதை அளக்கப் போகிறோம் என்பதற்கு ஏற்பவே தட்டின் பூச்சு தேர்ந்தெடுக்கப்பட வேண்டும்.

இரண்டாவது, ஆவியாதல். கீழடுக்குகளில் காற்றழுத்தம் குறைவதாலும் நெடுநேரம் காற்று ஓடுவதாலும், எளிதில் ஆவியாகும் கரிமப் பொருள்கள் தட்டிலிருந்து வெளியேறலாம். இதனால் நுண்துகளிலுள்ள நச்சு குறைத்து மதிப்பிடப்படும்.

மூன்றாவது, மாதிரியின் போதாமை. நிமிடத்துக்கு 30 லிட்டர் வீதம் 24 மணி நேரத்தில் 43.2 கன மீட்டர் காற்று கருவியின் வழியே செல்கிறது. காற்றில் பென்சோபைரீன் ஒரு கன மீட்டருக்கு 1 நானோகிராம் இருப்பின் எல்லா அடுக்குகளிலும் சேர்த்துக் கிடைப்பது 43 நானோகிராம் மட்டுமே. பத்து அடுக்குகளில் அது பகிரப்படும்போது சிலவற்றில் கண்டறியும் எல்லைக்குக் கீழே போய்விடும். ‘கண்டறியப்படவில்லை’ என்னும் பதிவை ‘இல்லை’ எனக் கொள்வது இங்கு நேரக்கூடிய பெரும்பிழையாகும்.

நான்காவது, முடிவுகளை வரையும் முறை. அடுக்குகளின் அகலம் சமமன்று. ஆண்டர்சன் கருவியில் 4.7–5.8 மைக்ரோமீட்டர் பிரிவின் மடக்கை அகலம் 0.091, 1.1–2.1 பிரிவின் அகலம் 0.281. இரண்டிலும் தலா 30 மைக்ரோகிராம் கிடைத்ததாகக் கொள்வோம். எடையை அப்படியே வரைந்தால் இரண்டும் சமமாகத் தோன்றும். அகலத்தால் வகுத்தால் முன்னது சுமார் 330 ஆகவும், பின்னது சுமார் 107 ஆகவும் அமையும். எனவே ஒவ்வோர் அடுக்கின் எடையையும் அதன் மடக்கை அகலத்தால் வகுத்த பின்னரே அளவுப் பரவலை ஒப்பிட வேண்டும்.

6. நச்சுப்பொருள்கள் சேரும் இடம்

6.1 நிலக்கரிச் சாம்பல்

அளவுவாரிப் பிரிப்பின் பயனை முதன்முதலில் தெளிவாக உணர்த்திய ஆய்வுகளுள் ஒன்று 1974-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. டேவிட் நாட்டுஷ், வாலஸ், எவன்ஸ் ஆகியோர் நிலக்கரி அனல்மின் நிலையங்களின் பறக்கும் சாம்பலை அளவுவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் தனிமங்களின் செறிவை அளந்தனர். துகள் சிறிதாகச் சிறிதாக ஆர்சனிக், செலீனியம், காட்மியம், ஆன்டிமனி, தாலியம், ஈயம் முதலியவற்றின் செறிவு கூடுவதை அவர்கள் கண்டனர். மூச்சில் ஆழ்ந்து செல்லக்கூடிய அளவிலேயே நச்சு மிகுதி என்பது அதன் சாரம்.

இதற்கான விளக்கம் உலையின் வெப்பத்தில் உள்ளது. கொதிகலனின் தீயில் சிலிக்கா, அலுமினா போன்ற கனிமங்கள் உருகித் துளிகளாகின்றன. அவை பேரளவில் ஆவியாவதில்லை. ஆர்சனிக், செலீனியம் போன்றவையோ ஆவியாகிவிடுகின்றன. புகைவளி குளிரும்போது அவ்வாவிகள், உடன் செல்லும் சாம்பல் துகள்களின் மேற்பரப்பில் படிகின்றன. எடைக்கு ஒப்பாக நுண்துகளுக்கே மேற்பரப்பு மிகுதி என்பதால் அதுவே கூடுதல் நச்சைப் பெறுகிறது. நாட்டுஷ் குழுவினர் 1976-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, இத்தகைய தனிமங்கள் பல துகளின் உட்பகுதியைவிட மேற்பரப்பிலேயே மிகுந்திருப்பதைக் காட்டியது. மேற்பரப்பிலுள்ள நச்சே உடலின் நீர்மங்களில் முதலில் கரைவது என்பதால் இம்முடிவு கூடுதல் கவனத்துக்குரியது.

6.2 ஈயம்

பெட்ரோலில் டெட்ராஎத்தில் ஈயம் கலக்கப்பட்ட காலத்தில், வாகனப் புகையின் ஈயத்தில் பெரும்பங்கு 1 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த துகள்களில் ஈய ஹாலைடுகளாக வெளிவந்தது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் ஈயம் நீக்கப்பட்ட பெட்ரோலே நாடு முழுவதும் விற்கப்படுகிறது. அம்மூலம் நின்றபின் காற்றில் எஞ்சும் ஈயம் மின்கல மறுசுழற்சி உலைகளிலிருந்தா, பழைய படிவுகளைக் கொண்ட புழுதியிலிருந்தா என்னும் வினாவுக்கு அளவுப் பரவலே முதல் துப்பாக அமைகிறது.

6.3 பல்வளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்கள்

கரிமப் பொருள்கள் முற்றாக எரியாதபோது இவை தோன்றுகின்றன. மூன்று வளையங்கள் கொண்ட பினாந்திரீன் பெரிதும் வளியாகவே இருக்கிறது. ஐந்து வளையங்கள் கொண்ட பென்சோபைரீன் பெரும்பாலும் துகளிலேயே, அதிலும் நுண்துகளிலேயே காணப்படுகிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை பென்சோபைரீனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் தொகுதியில் வைத்துள்ளது. வெளிப்புறக் காற்றின் துகள்மாசையும் அது 2013-இல் அதே தொகுதியில் சேர்த்தது.

சந்திரா வெங்கடராமனும் ஷெல்டன் பிரிட்லாண்டரும் கலிபோர்னியாவில் செய்து 1994-இல் வெளியிட்ட ஆய்வு, நகரக் காற்றில் இச்சேர்மங்கள் இரு முகடுகளாகப் பரவியிருப்பதைக் காட்டியது. ஒரு முகடு 0.1 மைக்ரோமீட்டரை ஒட்டியும், மற்றொன்று 0.5 மைக்ரோமீட்டருக்கு மேலும் அமைந்தது. முன்னது எரிதலிலிருந்து புதிதாக வந்த துகள்களையும், பின்னது வளிமண்டலத்தில் வளர்ந்து பருத்த துகள்களையும் சுட்டுவதாகக் கொள்ளப்படுகிறது. இத்தகைய வேறுபாடு மொத்த எடையில் மட்டுமன்றி, பி.எம். 2.5 என்னும் தொகையிலும் மறைந்துபோகும்.

7. ‘99 விழுக்காடு’ என்பதன் பொருள்

அனல்மின் நிலையங்களில் சாம்பலைப் பிடிக்க நிலைமின் வீழ்படிவிகள் பயன்படுகின்றன. அவற்றின் திறன் எடையின் அடிப்படையில் 99 விழுக்காட்டுக்கு மேல் எனக் குறிக்கப்படுவது வழக்கம். ஆயினும் இத்திறன் எல்லா அளவுகளுக்கும் ஒன்றன்று; 0.1 முதல் 1 மைக்ரோமீட்டர் வரையிலான துகள்களில் அது குறைகிறது. இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம்.

உலையிலிருந்து 1000 கிராம் சாம்பல் எழுவதாகவும், அதில் 950 கிராம் பருந்துகள், 50 கிராம் நுண்துகள் எனவும் கொள்வோம். பருந்துகளில் ஒரு கிராமுக்கு 1 அலகு நச்சும், நுண்துகளில் 3 அலகு நச்சும் இருப்பதாகக் கொள்வோம். வீழ்படிவி பருந்துகளில் 99.8 விழுக்காட்டையும் நுண்துகளில் 90 விழுக்காட்டையும் பிடிப்பதாகக் கொள்வோம்.

தப்பிச் செல்லும் பருந்துகள் 1.9 கிராம், நுண்துகள் 5 கிராம், மொத்தம் 6.9 கிராம். எடைக்கணக்கில் திறன் 99.3 விழுக்காடு. ஆனால் உலையில் 5 விழுக்காடாக இருந்த நுண்துகளின் பங்கு, புகைபோக்கியின் வாயில் 72 விழுக்காடாக உயர்ந்துவிடுகிறது. உலையில் எழுந்த நச்சு 1100 அலகு, தப்பியது 16.9 அலகு. ஒரு கிராம் சாம்பலுக்கு 1.1 அலகாக இருந்த நச்சு, வெளியேறும் ஒரு கிராமுக்குச் சுமார் 2.4 அலகாகிறது. எடையில் 0.7 விழுக்காடே தப்புகையில், நச்சில் 1.5 விழுக்காடு தப்புகிறது.

வீழ்படிவியால் பயனில்லை என்பது இதன் பொருளன்று. 1100 அலகில் 1083 அலகை அது தடுத்துள்ளது. ஆனால் எடைக்கணக்கு காட்டுவதைவிட இருமடங்குக்கும் மேலான நச்சுப் பங்கு வெளியேறுகிறது என்பதையும், அதில் ஏறத்தாழ 89 விழுக்காடு மூச்சில் ஆழ்ந்து செல்லும் நுண்துகளில் உள்ளது என்பதையும் 99.3 என்னும் எண் சொல்வதில்லை.

8. தரவரையறைகளும் அளவுவாரிச் சான்றும்

இந்தியாவில் 2009-ஆம் ஆண்டுத் தரவரையறை ஆண்டுச் சராசரியாக பி.எம். 10-க்கு 60 மைக்ரோகிராமும், பி.எம். 2.5-க்கு 40 மைக்ரோகிராமும் வரம்பாக வைக்கிறது. ஈயத்துக்கு 0.5 மைக்ரோகிராமும், ஆர்சனிக்குக்கு 6 நானோகிராமும், நிக்கலுக்கு 20 நானோகிராமும், பென்சோபைரீனுக்கு 1 நானோகிராமும் வரம்புகளாகும். இவை அனைத்தும் ஒரு கன மீட்டர் காற்றுக்கு உரியவை. நச்சுகளுக்குத் தனி வரம்பு விதித்திருப்பது பாராட்டத்தக்கது. எனினும் அந்நச்சு எந்த அளவுத் துகளில் உள்ளது என்பது இவ்வரம்புகளில் இடம்பெறவில்லை.

அனல்மின் நிலையங்களுக்கு 2015 டிசம்பரில் வகுக்கப்பட்ட வெளியேற்ற வரம்பும் எடையைச் சார்ந்ததே. 2003-க்கு முன் நிறுவப்பட்டவற்றுக்கு ஒரு கன மீட்டர் புகைவளிக்கு 100 மில்லிகிராமும், 2016 வரை நிறுவப்பட்டவற்றுக்கு 50 மில்லிகிராமும், அதன் பின்னானவற்றுக்கு 30 மில்லிகிராமும் என அது அமைகிறது. முற்பகுதியில் கண்ட கணக்கு இங்கு நேரடியாகப் பொருந்தும்.

2019-இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் சென்னை, மதுரை, திருச்சிராப்பள்ளி, தூத்துக்குடி ஆகிய தமிழ்நாட்டு நகரங்களும் இடம்பெற்றுள்ளன. 2025–26-க்குள் பி.எம். 10-ஐ 40 விழுக்காடு வரை குறைப்பது அதன் திருத்தப்பட்ட இலக்கு. பி.எம். 10-இன் எடையில் புழுதிக்குப் பெரும்பங்கு இருக்கும் இடத்தில், சாலைகளை நீர் தெளித்துக் கூட்டுவதாலேயே அத்தொகை கணிசமாகக் குறையலாம். புழுதி குறைவதும் நன்மையே. ஆனால் எரிதலில் பிறந்து நச்சைச் சுமக்கும் நுண்துகள் அதனால் குறைந்ததா என்பதைப் பி.எம். 10 காட்டாது. அதை அறிய, தேர்ந்தெடுத்த சில இடங்களிலேனும் அளவுவாரி மாதிரிகள் காலமுறைப்படி சேகரிக்கப்பட வேண்டும்.

எல்லாக் கண்காணிப்பு நிலையங்களிலும் அடுக்கு மோதல் பிரிப்பானை நிறுவுவது நடைமுறைக்கு ஒவ்வாது. ஒவ்வொரு மாதிரிக்கும் பத்துக்கு மேற்பட்ட தட்டுகளை எடையிட்டுப் பகுக்க வேண்டியிருப்பதால் செலவும் உழைப்பும் மிகுதி. எனினும் ஓர் இடத்தில் பருவந்தோறும் சில நாள்கள் எடுக்கப்படும் அளவுவாரி மாதிரிகள், அங்கு நாள்தோறும் கிடைக்கும் எடைத் தரவுகளுக்குப் பொருள் கூறும் திறவுகோலாக அமையும். பல்கலைக்கழக ஆய்வகங்கள் ஏற்றுச் செய்யத்தக்க பணி இது.

முடிவுரை

துகளின் அளவு அதன் பிறப்பிடத்தையும், காற்றில் அது தங்கும் காலத்தையும், நுரையீரலில் சேரும் இடத்தையும், சுமக்கும் நச்சின் செறிவையும் ஒருங்கே தீர்மானிக்கிறது. அடுக்கு மோதல் பிரிப்பான் இந்நான்கையும் ஒரே மாதிரியிலிருந்து ஆராய வழிசெய்கிறது. தெறித்தல், ஆவியாதல் ஆகிய அதன் பிழைகள் இரண்டும் நுண்துகளிலுள்ள நச்சைக் குறைத்துக் காட்டும் திசையிலேயே அமைகின்றன என்பது கருதத்தக்கது. அப்பிழைகளையும் மீறி நுண்துகளில் நச்சு மிகுந்து காணப்படுமாயின், அம்முடிவின் உறுதி கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை.

எடை அடிப்படையிலான தரவரையறைகள் தேவையற்றவை அல்ல. அவை எளியவை, ஒப்பிடத்தக்கவை, நீண்டகாலத் தொடர்ச்சியுடையவை. ஆயினும் எடை குறைந்தது என்பதை மட்டும் கொண்டு நச்சும் குறைந்தது என முடிவுசெய்தல் பொருந்தாது. நச்சுப்பொருள்களைப் பற்றிய ஆய்வேடுகளும் அரசு அறிக்கைகளும் ‘எவ்வளவு’ என்பதோடு ‘எந்த அளவுத் துகளில்’ என்பதையும் சேர்த்துப் பதிவுசெய்யும்போதே, காற்றைத் தூய்மையாக்க எடுக்கப்படும் நடவடிக்கை உரிய இடத்தைச் சேர்கிறதா என்பதை அறிய இயலும்.